‘காக்கா, ஒரு மனைக்கட்டு இருந்தா சொல்லுங்க!’ - அதிராம்பட்டினத்தில் நிலத் தரகர் வேலை எப்படி நடக்குது?

ராத்திரி பத்தரை மணி. கடைத்தெருவுல ஷட்டரெல்லாம் இறங்கியாச்சு. ஆனா, அதிரையில ஒரு தரகரோட போன் அப்போதான் சூடாக ஆரம்பிக்கும். காரணம், துபாய்ல அப்போ மணி ஒன்பது, ரியாத்ல எட்டு. வேலை முடிஞ்சு, சாப்பிட்டு, ரூமுக்கு வந்து கட்டில்ல சாய்ஞ்சவங்க ஒவ்வொருத்தரா வாட்ஸ்அப்ல வருவாங்க. “காக்கா, மனைக்கட்டு ஒண்ணு இருந்தா சொல்லுங்களேன். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசிட்டிருக்கோம்.”

இந்த ஒரு வரியில அதிராம்பட்டினத்தின் நில வியாபாரம் மொத்தமும் அடங்கியிருக்கு. வெளிநாட்டுச் சம்பளம், வீட்டுப் பெண்ணின் கல்யாணம், நேர்ல வந்து பார்க்க முடியாத ஒரு மனை, நடுவுல நம்பிக்கைக்கு ஒரு ஆள். அந்த ஆளோட வேலை என்ன, அவர்கிட்ட போறதுக்கு முன்னாடி நமக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்? வாங்க, பார்க்கலாம்.

ஊரும் நிலமும்

தஞ்சாவூர் மாவட்டம், பட்டுக்கோட்டை வட்டத்தில், பாக் நீரிணைக் கரையில் இருக்கும் ஊர் அதிராம்பட்டினம். பேரூராட்சியாக இருந்து 2021-ல் நகராட்சி ஆனது. ஒரு பக்கம் கடல், மீன்பிடி, உப்பளம், அலையாத்திக் காடு. இன்னொரு பக்கம் கல்லணைக் கால்வாய்த் தண்ணி கடைசியா எட்டிப்பார்க்கும் வயல்கள், தென்னந்தோப்புகள். 1955-ல் தொடங்கிய காதிர் முகைதீன் கல்லூரி, கிழக்குக் கடற்கரைச் சாலை, திருவாரூர் - காரைக்குடி ரயில்பாதை எல்லாம் சேர்ந்து ஊரை விரிச்சிருக்கு.

இங்கே நில விலையைப் பேசும்போது ஒரு வழக்கத்தைச் சொல்லாம இருக்க முடியாது. அதிரை முஸ்லிம் குடும்பங்கள்ல பெண்ணுக்குக் கல்யாணம்னா, அவ பேர்ல வீடு கொடுக்கிறது பழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். காயல்பட்டினம், கீழக்கரை மாதிரி கடலோர ஊர்களிலும் இதன் சாயல் உண்டு. ஒரு பெண் தன் சொந்த வீட்டில், தன் உம்மா பக்கத்தில் வாழலாம் என்பது இதில் இருக்கிற நல்ல விஷயம். இன்னொரு பக்கம், ரெண்டு மூணு பெண்கள் இருக்கிற வீட்டில் வாப்பாவும் அண்ணன்மாரும் வாழ்க்கை முழுக்க மனைக்கும் செங்கல்லுக்கும் சம்பாதிக்க வேண்டியிருக்கு. வசதி இல்லாத குடும்பத்துக்கு அது பெரிய பாரம். எல்லாரும் தன் தெருவுக்குப் பக்கத்திலேயே மனை கேட்பதால், ஊருக்குள்ள இருக்கிற சின்ன இடத்துக்குக்கூட கிராக்கி குறையிறதில்ல.

தரகர் உண்மையில் என்ன செய்கிறார்?

‘ரெண்டு பேரைச் சேர்த்துவிட்டு கமிஷன் வாங்குறவர்’னு நினைச்சா அது பாதிதான். தெருவுல எந்த வீடு பூட்டிக் கிடக்கு, எந்தக் குடும்பத்துல பாகப்பிரிவினை முடியல, யார் லீவுல வர்றாங்க, எந்தத் தோப்பை விக்கிற யோசனையில இருக்காங்கன்னு எல்லாம் அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். இதெல்லாம் எந்த ஆப்லயும் வராது. டீக்கடையில, பள்ளிவாசல் வாசல்ல, கல்யாணப் பந்தியில காதுல விழறதுதான்.

பூட்டிய வீட்டின் சாவி பல நேரம் இவர்கிட்டதான் இருக்கும். கரன்ட் பில், வீட்டு வரி கட்டுறது, மழைக்கு முன்னாடி மொட்டைமாடித் தண்ணிக்குழாய்ல அடைப்பு எடுக்கச் சொல்றது, வாடகைக்கு ஆள் வைக்கிறதுன்னு கணக்கில் வராத வேலைகள் நிறைய.

வாடகையில ஒரு சங்கடமும் இருக்கு. ‘பேமிலிக்கு மட்டும்’, ‘நம்ம ஆளுங்களுக்கு மட்டும்’னு வீட்டுக்காரர் சொல்றதை வந்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் தரகர்தான். அவர் கொஞ்சம் பேசிப் பார்த்தா ஒரு கதவு திறக்கும். பேசாம விட்டா வேலைக்காக ஊருக்கு வந்த ஒருத்தர் வீடு கிடைக்காம அலையணும்.

கமிஷன் பேச்சைப் பொறுத்தது. விற்பனைன்னா ஒண்ணு ரெண்டு சதவீதம், வாடகைன்னா ஒரு மாச வாடகை என்பது தமிழ்நாட்டில் பரவலா கேட்கிற கணக்கு. யார் எவ்வளவு, எப்போ தரணும்னு முதல் நாளே பேசி, ஒரு மெசேஜ்ல எழுதி வெச்சுக்குங்க. பாதி மனஸ்தாபம் அதிலேயே தீர்ந்துடும்.

குழி, மா, சென்ட்: முதல்ல கணக்கைப் புரிஞ்சுக்குங்க

சென்னையில் கிரவுண்ட், தஞ்சை மாவட்டத்தில் பெரியவங்க இன்னமும் குழி, மா, வேலின்னுதான் பேசுவாங்க. இதைக் குறிச்சு வெச்சுக்கலாம்:

- 1 குழி = 12-க்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி
- 100 குழி = 1 மா = 14,400 சதுர அடி (சுமார் 33 சென்ட்)
- 20 மா = 1 வேலி (சுமார் 6.6 ஏக்கர்)
- 1 சென்ட் = 435.6 சதுர அடி; 100 சென்ட் = 1 ஏக்கர்

ஆக, “15 குழி மனை”ன்னா 2,160 சதுர அடி, கிட்டத்தட்ட 5 சென்ட். குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறக்கூடும் என்பதால், பத்திரத்தில் சதுர அடியும் சதுர மீட்டரும் இருக்கான்னு பாருங்க. நாலு பக்க அளவையும் டேப் பிடிச்சு அளந்துட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க.

பேப்பரில் என்ன பார்க்கணும்?

பட்டா, புலப்படம் (எஃப்.எம்.பி), தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று. இந்த நாலும் குறைந்தபட்சம். பட்டாவையும் வில்லங்கத்தையும் அரசு இணையதளங்கள்ல போன்லயே பார்க்கலாம். வழிகாட்டி மதிப்பும் பதிவுத்துறை தளத்தில் இருக்கு.

ஆனா, வில்லங்கச் சான்று சுத்தமா வந்துட்டா எல்லாம் சரின்னு முடிவு பண்ணிடாதீங்க. பதிவான ஆவணம் மட்டும்தான் அதில் வரும். ஒருத்தர் இறந்ததும் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் பெற்றோர் என எல்லோருக்கும் பங்கு வந்துடும். அது எந்த வில்லங்கத்திலும் தெரியாது. முஸ்லிம் சட்டப்படி வாய்மொழியாகக் கொடுத்து, வாங்கியவர் அனுபவத்துக்கு எடுத்துக்கிட்ட ‘ஹிபா’வும் செல்லும்; அதுவும் தெரியாது. அதனால வாரிசுச் சான்றிதழைக் கேளுங்க. அதில் இருக்கிற ஒவ்வொருத்தரும் கையெழுத்துப் போடுறாங்களான்னு பாருங்க. “அவ மலேசியாவுல இருக்கா, ஒண்ணும் சொல்ல மாட்டா”ன்னு சொல்ற இடத்துல நின்னுடுங்க. நல்ல தரகர் அந்தக் கையெழுத்து வர்ற வரைக்கும் உங்களையும் காத்திருக்கச் சொல்வார்.

மனைப்பிரிவா இருந்தா அங்கீகாரம் முக்கியம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது ஞாபகம் இருக்கலாம். 2017-ல் வந்த வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20-க்கு முன்பு போட்ட மனைகளுக்கு வழி விட்டன. அதுக்கப்புறம் போட்ட அங்கீகாரமில்லாத மனை, விலை எவ்வளவு குறைவா இருந்தாலும் தலைவலிதான். வக்ஃப், கோயில் சொத்து, குளம், வாய்க்கால் புறம்போக்கு எனத் தெரிஞ்சா பேச்சையே நிறுத்திடுங்க.

500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது 8 யூனிட்டுக்கு மேல் உள்ள திட்டங்களுக்கு 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி ‘ரேரா’ பதிவு வேணும். அந்த மனைகளை விற்கிற தரகரும் பதிவு செய்திருக்கணும். தெருவுக்குள்ள ஒருத்தர் தன் பழைய வீட்டை இன்னொருத்தருக்கு விக்கிற தனி வியாபாரம் இதுக்குள்ள வராது. அங்கே தரகரைக் கட்டிப்போடுறது அவரோட பேர் மட்டும்தான்.

வெளிநாட்டில் இருக்கிறீங்களா? இது உங்களுக்கு

வெளிநாட்டுவாழ் இந்தியர் இங்கே வீடும் மனையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. வாரிசாக வந்தால் வெச்சுக்கலாம். “தென்னந்தோப்பு ஒண்ணு சல்லிசா வருது, உங்க பேர்லயே முடிச்சிடலாம்”னு யாராவது சொன்னா, இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

நேர்ல வர முடியாதவங்க பவர் பத்திரம் கொடுப்பாங்க. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தைச் சான்றொப்பம் செய்து, அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டணும். எந்தச் சொத்து, என்ன வேலைன்னு குறிப்பிட்ட பவரா கொடுங்க. மொத்த அதிகாரத்தையும் தூக்கிக் கொடுத்துடாதீங்க. வெறும் பவர் பத்திரத்தை வெச்சு வாங்கினா சொத்து உங்களுக்கு வராதுன்னு 2011-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு. கிரையப் பத்திரம் பதிவாகணும்.

பணத்தை வங்கி வழியாவே அனுப்புங்க. நிலத்துக்கான அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்கின தொகை அளவுக்கே அபராதம் வரலாம். விற்பவர் வெளிநாட்டுவாழ் இந்தியரா இருந்தா, வாங்குறவர் வரி பிடித்தம் செய்யணும். இதுக்கு 50 லட்சம் வரம்பு கிடையாது. இதை மறந்தா, வருமான வரித்துறை கேள்வி கேட்கிறது வாங்கினவரைத்தான். அக்ரிமென்ட் போட்டா அதையும் பதிவு செய்யணும் என்பது தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விதி.

மகள் பேரில் வாங்கும்போது ஒரு சின்னக் கணக்கு

2023 ஏப்ரல் முதல் கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை, சொத்து மாற்று வரி சேர்த்து 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9. இருபது லட்சம் மனைக்கு 1,80,000 ரூபாய்.

நிறைய வாப்பாமார் முதல்ல தன் பேர்ல வாங்கி, கல்யாணத்தப்போ மகளுக்கு எழுதிக் கொடுப்பாங்க. குடும்பத்துக்குள் தான செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம் (அதிகபட்சம் 40,000), பதிவுக் கட்டணம் 1 சதவீதம் (அதிகபட்சம் 10,000). அதே மனைக்கு இன்னும் 30,000 ரூபாய். மகளுக்கு 18 வயசு ஆகியிருந்தா நேரடியா அவ பேர்லயே வாங்கிட்டா இந்தச் செலவு மிச்சம். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகையும் உண்டு. பத்து லட்சத்துக்கு 10,000 ரூபாய் மிச்சம்னா சும்மாவா?

மனையை எப்போ பார்க்கணும்?

மே மாசம் லீவுல வந்து, காய்ஞ்சு கிடக்கிற மனையைப் பார்த்து மயங்கிடாதீங்க. இது வடகிழக்குப் பருவமழை ஊர். நவம்பர்ல அந்த இடத்துல தண்ணி எங்கே நிக்குது, எந்தப் பக்கம் வடியுதுன்னு பார்க்கணும். வர முடியலையா? மழை நாள்ல ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. தயங்காம எடுத்து அனுப்புறவர்தான் உங்க தரகர்.

கடலோர ஊர் என்பதால் தண்ணியையும் ருசி பாருங்க. பக்கத்து வீட்டு போர் எத்தனை அடி, நல்ல தண்ணியா உப்புத் தண்ணியான்னு கேளுங்க. கடல் ஓதக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை விதிகள் வரும். அலையாத்தி, உப்பங்கழிப் பக்கம் கட்டடம் கட்ட முடியுமான்னு முதல்லயே விசாரிக்கணும்.

தோப்பு, வயலை மனையாக்கின இடங்கள்ல இன்னும் கவனம். 2018 நவம்பர் 16 விடியக்காலை வந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, அதிராம்பட்டினம் பக்கம் தென்னைகளை வேரோடு சாய்ச்சது. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். கன்று வெச்சுக் காத்திருக்க முடியாத ஒரு குடும்பத்துக்கு ‘மனையா போட்டுடலாம்’ என்ற பேச்சு எவ்வளவு இனிப்பா இருந்திருக்கும்! அப்படிப் போட்ட மனையில் வாய்க்கால் மூடப்பட்டிருந்தா, அந்தத் தண்ணி ஒருநாள் யாரோ ஒருத்தர் வீட்டு வாசலுக்குத்தான் வரும். கிராம வரைபடத்தில் வாய்க்கால் கோடு எங்கே போகுதுன்னு பார்த்துக்குங்க.

நீங்களே தரகர் ஆகலாமா?

ஆகலாம். பட்டப்படிப்பு கட்டாயமில்லை. ஆனா, மாசா மாசம் வருமானம் வராது. பலரும் ஒரு கடையோ வேறு வேலையோ கையில வெச்சுக்கிட்டுதான் இதைச் செய்றாங்க. புலப்படம் படிக்க, பத்திரம் வாசிக்க, வாரிசு கணக்கு போடக் கத்துக்கிட்டா பழைய ஆட்களைவிட நீங்க ஒரு படி மேலே. மனைப்பிரிவு விற்கப் போறீங்கன்னா ரேரா பதிவு எடுத்துடுங்க.

இதில் கஷ்டமான இடம் ஒண்ணு உண்டு. வியாபாரம் முடிஞ்சாதான் தரகருக்குக் காசு. ‘அங்கே தண்ணி நிக்கும்’னு உண்மையைச் சொன்னா, ரெண்டு மாச உழைப்பு போச்சு. சொல்லாம விட்டா கமிஷன் கிடைக்கும். ஆனா, அந்த மனையில வீடு கட்டிக் குடியேறப் போறது உங்க தெருப் பொண்ணு. அவளோட வாப்பாவை வெள்ளிக்கிழமை தொழுகையிலயோ, மீன் மார்க்கெட்லயோ வாரத்துக்கு நாலு தடவை பார்த்தாகணும். மழை வர்ற ஒவ்வொரு ஐப்பசியிலும் உங்க பேர் அந்த வீட்டுல அடிபடும்.

போன்ல ‘காக்கா’ன்னு கூப்பிடுறது பத்து வருஷச் சம்பளத்தை நம்பி ஒப்படைக்கிற ஒரு குரல். “இந்த மனை வேணாம் தம்பி, வேற பார்ப்போம்”னு அதுகிட்ட சொல்ல முடியுதுன்னா, இந்தத் தொழிலுக்கு நீங்க வரலாம்.