தோட்டாவின் கழுத்தும் மாரிக்காலமும்



மருதானையிலோ வெள்ளவத்தையிலோ வாழும் இல்லத்தரசியர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. புளியிட்டுத் துலக்கி வைத்த குத்துவிளக்கு, மாரிக்காலம் வந்துவிட்டால் நான்கு நாள்களுள் மங்கிவிடும். ஆயினும், அது மங்குமேயன்றிப் பிளப்பதில்லை. ஆனால் அதே பித்தளையால் ஆகிய வேறொரு பொருள், 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையின் களஞ்சியங்களில், எவரும் தொடாமற் கிடந்தபடியே வெடித்தது. வெடித்தது என்றால் சுடப்பட்டது என்று கொள்ளற்க. கழுத்திலே கீறல் விழுந்து பிளந்தது. அப்பொருள் துவக்குத் தோட்டா. அதன் கழுத்து ஏன் பிளந்தது என்பதே இன்று நாம் பேசப்புகும் பொருளாகும்.

தோட்டாவின் உறுப்புகள் நான்கு. பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டியவுடன் பொறி எழுப்பும் சிறு மூடி, உள்ளே மருந்து, மேலே குண்டு. கூட்டின் மேற்பகுதி ஒடுங்கிக் கழுத்தாகிக் குண்டைப் பற்றி நிற்கும். இந்தப் பிடியின் அளவு சிறு விடயமன்று. பிடி தளர்ந்தால், வண்டியிற் குலுங்கும்போதே குண்டு உள்ளே இறங்கிவிடக்கூடும். அப்போது மருந்துக்குரிய இடம் குறைந்து, சுடுகையில் அமுக்கம் வரம்பு கடக்கும். இடைவெளி வழியே ஈரமும் புகும். பிடி தோட்டாவுக்குத் தோட்டா வேறுபட்டாலோ, குண்டின் வேகமும் வேறுபட்டு இலக்குத் தவறும். ஆகவே கழுத்தின் இறுக்கம் ஒன்றையே நம்பாமல், கூட்டின் வாய் விளிம்பைக் குண்டின் இடுப்பிலுள்ள பள்ளத்துள் அமுக்கி மடிக்கும் வழக்கமும் படைத் தோட்டாக்களில் ஏற்பட்டது.

இந்தப் பிடி பழங்காலத்துக்கு உரியதன்று. 1857இல் இந்தியச் சிப்பாய்களைக் கொதித்தெழச் செய்த தோட்டா, கொழுப்புப் பூசிய கடதாசிச் சுருளே. சிப்பாய் அதனைப் பல்லாற் கடித்துப் பிரித்து, மருந்தைக் குழலினுள் கொட்ட வேண்டும். குண்டைப் பற்றும் கழுத்து அங்கே இல்லை. அடுத்த பத்தாண்டில் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி அமைத்த கூடு வந்தது. அதன்பின், ஒரே வட்டத் தகட்டிலிருந்து இழுத்து அமைக்கும் முழுப் பித்தளைக் கூடு நிலைபெற்றது. 1888இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட .303 அங்குலத் தோட்டா அவ்வகையைச் சேர்ந்தது.

அக்கூட்டைச் செய்யும் முறையை அறிந்தால் வெடிப்பின் வித்து எங்கே இருந்ததென்பது விளங்கும். நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைத் தகட்டை முதலிற் கிண்ணமாக அமுக்குவர். பின்னர் ஒன்றைவிட ஒன்று ஒடுங்கிய அச்சுகளினூடே அதனைத் தள்ளித் தள்ளி நீட்டுவர். ஒவ்வொரு முறையும் பித்தளை கடினமாகும். இடையிடையே உலையிலிட்டு மென்மையாக்க வேண்டும். இறுதியிற் குளிர்ந்த நிலையிலேயே கழுத்தை ஒடுக்குவர். அவ்வாறு நெருக்குண்ட உலோகத்தினுள் ஓர் இழுவிசை உறைந்து நிற்கும். குண்டை உள்ளே செருகியதும் கழுத்து மேலும் விரிந்து நாணேற்றிய வில்லைப்போல நாளெல்லாம் இழுபட்டிருக்கும். (.303 தோட்டாவில் ஒரு விசித்திரம் உண்டு. கோடைற்று என்னும் மருந்து நீண்ட இழைகளாக இருந்தமையால், மருந்தை இட்ட பின்னரே கழுத்தை ஒடுக்கினர். மருந்து உள்ளே இருக்கையில் கழுத்தை நெருப்பிற் காட்ட எவர் துணிவார்?)

இனி இந்தியாவுக்கு வருவோம். மாரிக்காலத்திற் படை நடமாட்டம் குறையும். தோட்டாப் பெட்டிகளை மழை நீங்கும்வரை குதிரைலாயங்களில் அடுக்கி வைத்தனர். கூரை உண்டு, காவல் உண்டு, வேறென்ன வேண்டும்? ஆனால் கோடை திரும்பிப் பெட்டிகளைத் திறந்தபோது பல தோட்டாக்கள் பிளந்து கிடந்தன. அதிலும், குண்டைப் பற்றுவதற்காக அமுக்கிய கழுத்துப் பகுதியிலேதான் பிளவு மிகுந்திருந்தது. குறித்த பருவத்தில் நேர்ந்தமையால் அதற்குப் 'பருவ வெடிப்பு' என்று பெயர் வழங்கலாயிற்று. பெயர் கிடைத்ததேயன்றிக் காரணம் நெடுநாள் தெளிவாகவில்லை. மழையின் மேற் பழி சுமத்தி அமைவது எளிதன்றோ?

1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்னும் ஆங்கில ஆய்வாளர் மூவர் இதனை விளக்கினர். குதிரையின் சிறுநீர் சிதைந்து அமோனியா ஆவியாக எழுகிறது. ஈரமும் பிராணவாயுவும் கூடிய இடத்தில் அமோனியா செம்பைக் கரைக்க வல்லது. இழுவிசையின்றி இருக்கும் பித்தளையில் அதன் செயல் மேற்பரப்போடு பெரும்பாலும் நின்றுவிடும். உள்ளே இழுபட்டு நிற்கும் பித்தளையிலோ, உலோகத் துகள்மணிகளின் எல்லைகள் வழியே அது நுழையும். எல்லை சிறிது அரிபட்டதும் இழுவிசை அதனை விரிக்கும், விரிந்த வாயிற் புதிய உலோகம் வெளிப்படும், மீண்டும் அரிப்பு. இவ்வாறு ஆவியும் இழுவிசையும் ஒன்றுக்கொன்று கைகொடுத்துக் கழுத்தைப் பிளந்தன. கழுத்தைச் சுற்றி நின்ற இழுவிசையின் தன்மையால் கீறல் நெடுக்காகவே விழும்.

நமது குத்துவிளக்கு தப்புவதன் காரணமும் இதுவே. அது வார்ப்பு, அதனுள் உறைந்த இழுவிசை மிகக் குறைவு. அழுத்தி அமைத்த மெல்லிய பித்தளைப் பண்டங்களுக்கு அந்தக் காப்பு இல்லை.

நோய் தெரிந்தபின் மருந்து எளிதாயிற்று. அமைத்து முடித்த பித்தளையை ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியசு வெப்பத்திற் சிறிது நேரம் வைத்தால், கடினம் கெடாமலே உள்ளிழுவிசை பெருமளவு தணியும். தணிந்ததா என்று அறியவும் வழி உண்டு. இரச நைத்திரேற்றுக் கரைசலில் மாதிரியைத் தோய்த்தால், இழுவிசை மிகுந்த பித்தளை விரைவிலேயே வெடித்துக் குற்றத்தைக் காட்டிவிடும்.

இவையெல்லாம் பழைய படைக் கதை என்று தள்ளுவதற்கில்லை. சுட்ட கூட்டிற்கு மீண்டும் மருந்திட்டுப் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளின் இலக்குச் சுடுநரிடையே பரந்துள்ளது. சுடுந்தோறும் கழுத்து விரியும்; அச்சில் இட்டு மறுபடி நெருக்குவர். நான்கைந்து முறையானதும் கழுத்து கடினமாகி, நெருக்கிய பின்னும் சற்றே திமிறி விரியும். பழைய அச்சு பழைய பிடியைத் தராது. அப்போது அனுபவமற்றவர் விளிம்பை இன்னும் வலிந்து மடிப்பர். அது பிழையான வைத்தியம். கூடுகளின் நீளம் சமமாக இல்லாவிடில், நீண்டதன் மடிப்பு மிகுந்து அதன் தோள் கசங்கும். குறுகியதில் மடிப்பே விழாது. கூடுகளை ஒரே நீளத்திற்கு வெட்டுவதும், கழுத்தை மட்டும் சுடரிற் காட்டி மென்மையாக்குவதும் முறையாகும். அடிப்பகுதி சூடேறி மென்மையாகிவிட்டால் அமுக்கத்தைத் தாங்காது. ஆதலால் கூட்டின் அடியை நீரில் நிறுத்தி வைத்துக் கழுத்துக்குச் சூடு காட்டுவோரும் உளர். பளபளப்பை விரும்பி அமோனியா கலந்த துலக்கு மருந்தைப் பூசுவோரோ, அந்தப் பழைய குதிரைலாயத்தைத் தம் மேசைமேற் கொண்டுவந்து வைக்கின்றனர்.

படைத் தோட்டாக்கள் சிலவற்றின் கழுத்தில் நீலமும் கபிலமும் கலந்த ஒரு நிறச்சாயல் தெரியும். அதனை அழுக்கென்று எண்ணித் தேய்ப்பவர் உண்டு. கழுத்து நெருப்பைக் கண்டு வந்த அடையாளம் அது.