மலை ஏறினால் பை உப்புவது ஏன்?

கடற்கரை ஊரில் வாங்கிய உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டை உதகமண்டலத்தில் பையிலிருந்து எடுத்தால், அது தலையணைபோல் விம்மி நிற்கும். உள்ளே புதிதாக எதுவும் சேர்ந்துவிடவில்லை. வெளியிலிருந்து அதை அமுக்கிக்கொண்டிருந்த காற்றின் பளுதான் குறைந்திருக்கிறது. இந்த உண்மை ஐயமற நிலைநாட்டப்பட்டது 1648-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டு மலை ஒன்றின்மேல்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், இத்தாலிய அறிஞர் டாரிசெல்லியின் யோசனைப்படி, பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாய் ஒன்று பாதரசத் தொட்டியில் கவிழ்த்து நிறுத்தப்பட்டது. பாதரசம் முழுவதும் இறங்கிவிடாமல் சுமார் 76 செ.மீ. உயரத்தில் நின்றது. வெளிக்காற்றின் எடையே அதைத் தாங்குகிறது என்றார் டாரிசெல்லி. இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது என்று சொல்லிப் பழகிய பண்டிதர்களோ இதை ஏற்கவில்லை.

பாரிசிலிருந்த பாஸ்கலுக்கு ஒரு வழி தோன்றியது. காற்றின் எடைதான் காரணம் என்றால், மலை உச்சியில் பாதரசம் தாழ்ந்து நிற்கவேண்டும். அடிவாரத்தைவிட உச்சியில் இயற்கை வெற்றிடத்தைக் குறைவாக வெறுக்கிறது என்று எவரும் வாதாட முடியாதல்லவா? 1647 நவம்பரில், க்ளெர்மோன் நகரிலிருந்த தம் அக்காள் கணவர் பெரியேவுக்கு இதை எழுதினார்.

1648 செப்டம்பர் 19 அன்று பெரியே நகரப் பெரியோர் சிலருடன் 1,465 மீட்டர் உயரமுள்ள புய் த டோம் மலையில் ஏறினார். அடிவாரத்து மடத்தின் தோட்டத்தில் இரண்டு குழாய்களிலும் பாதரசம் 71.2 செ.மீ. நின்றது. ஒன்றை அங்கேயே வைத்து, நாள் முழுவதும் கவனித்துக்கொண்டிருக்கும்படி ஒரு துறவியிடம் ஒப்படைத்தார். உச்சியில் 62.7 செ.மீ.தான்! வியப்படைந்த அவர்கள், கோயிலுக்குள்ளும் வெட்டவெளியிலும் காற்றிலும் பனிமூட்டத்திலுமாக ஐந்து முறை அளந்தார்கள், மாற்றமில்லை. கீழே துறவி காவல் காத்த குழாயும் அன்று முழுவதும் அசையவில்லை. சோதனையின் உயிர்நாடியே அந்தச் சாட்சிக் குழாய்தான் என்பேன். அது இல்லாவிட்டால், வானிலை மாறியதால் பாதரசம் இறங்கியது என்று யாரும் சொல்லியிருக்கலாம்.

நமது பாக்கெட்டின் மூதாதையும் பாஸ்கலிடமே இருக்கிறது. அவர் இறந்தபின் 1663-இல் வெளிவந்த நூலில், பாதி காற்றடைத்த தளர்ந்த பை ஒன்றைச் சுமார் 975 மீட்டர் உயர மலைக்குக் கொண்டுபோனால், உச்சியில் அது முழுவதும் உப்பிவிடும் என்கிறார். கருத்து சரி, அளவுதான் மிகை. அந்த உயரத்தில் காற்று எட்டில் ஒரு பங்கு அளவே கூடுதலாக விரியும். இரண்டு மடங்காக வேண்டுமானால் ஏறத்தாழ 5,500 மீட்டர் ஏறவேண்டும். இவ்வாறு கணக்கிட உதவும் விதியை 1662-இல் தந்தவர் இங்கிலாந்தின் ராபர்ட் பாயில். ஆட்டுக்குட்டியின் சிறுநீர்ப்பையைக் கண்ணாடிக் கலத்தில் வைத்து, சுற்றியுள்ள காற்றை இறைத்து, அது உப்புவதை அவர் மலையேறாமலே பார்த்துவிட்டார்!

உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. ஆகவே, கடல் மட்டத்தில் அடைத்த வாயு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம் கேட்கும்; குளிர் அதைச் சற்றே சுருக்கும். பை தொய்வாக இருந்தால் இடம் கிடைக்கும். முன்பே விறைப்பாக இருந்தால் பாரமெல்லாம் ஒட்டிய விளிம்பின்மேல் விழும். 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகருக்குப் போகும் பைகளுக்குச் சோதனை இன்னும் கடுமை. மலைப் பகுதிகளுக்கு அனுப்பும் பைகளில் வாயுவைக் குறைத்து அடைப்பது இதனால்தான்.

தகர டின் விரியாது. ஆனால் உள்ளே போதிய வெற்றிடம் இல்லாமல் மூடப்பட்டிருந்தால், உயரத்தில் அதன் தட்டையான முனை வெளியே புடைக்கும். கெட்டுப்போன உணவில் கிருமிகள் வாயுவை உண்டாக்கும்போதும் டின் இப்படியேதான் புடைக்கும். உயரத்தால் மட்டும் புடைத்தது சமவெளிக்கு இறங்கினால் பழைய நிலைக்குத் திரும்பும். இறங்கிய பின்னும் புடைத்தே இருப்பதைத் திறக்காமலே எறிந்துவிட வேண்டும்.