ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்: வைவாவில் கைகொடுக்கும் 'நோட்டு'... என்னென்ன எழுதணும்?

இன்ஜினியரிங் கல்லூரிகளில் கடைசி வருடம் வந்துவிட்டால் எங்கு பார்த்தாலும் ஒரே கேள்விதான், "ப்ராஜெக்ட் என்ன பண்றீங்க?" சிலர் சொந்தமாகச் செய்கிறார்கள். சிலர் காசு கொடுத்து ரெடிமேடாக வாங்கி வருகிறார்கள். டெமோவில் இரண்டும் ஒரே மாதிரிதான் ஓடும். ஆனால் வைவாவில், "இந்த சென்சாரை ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டால் சாயம் வெளுத்துவிடும். சொந்தமாகச் செய்தவர்களும் பல நேரம் இங்கே திணறுவது உண்டு. காரணம், செய்ததை அன்றன்றைக்கு எழுதி வைக்காததுதான்.

எண்ணில் எழுதுங்க

'தானியங்கி பாசனக் கருவி' என்று ஜீரோத் ரிவ்யூவுக்குப் போனால், அது வெறும் தலைப்பு. மண் ஈரம் எவ்வளவு குறைந்தால் மோட்டார் ஓடணும், எத்தனை விநாடிக்குள் ஓடணும், பேட்டரி எத்தனை நாள் தாங்கணும், செலவு எவ்வளவு? இதையெல்லாம் எண்ணில் எழுதினால்தான், கருவி வேலை செய்ததா இல்லையா என்று கடைசியில் சொல்லவே முடியும். கால அட்டவணையை ரிவ்யூ தேதியிலிருந்து பின்னோக்கிப் போடுவது நல்லது. ஆர்டர் செய்த பாகம் வந்து சேரும் நாட்களையும், இன்டர்னல் தேர்வு வாரங்களையும் மறக்காமல் கழிக்கணும்.

சொதப்பினாலும் எழுதணும்

நோட்டில் தேதி, செய்த வேலை, எடுத்த அளவு, மாற்றிய விஷயம், மாற்றியதற்கான காரணம் இருந்தால் போதும். இதில் காரணத்தைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

ஓர் உதாரணம். குறைந்த விலையில் கிடைக்கும் இரண்டு முனை மண் ஈர சென்சாரில் தொடர்ந்து மின்சாரம் பாய்ந்தால், ஈர மண்ணில் அந்த முனைகள் அரித்துப்போகும். ரீடிங்கும் தப்பாக வரும். உடனே கெப்பாசிட்டிவ் சென்சாருக்கு மாறுவார்கள். ரிப்போர்ட்டிலோ 'சென்சார் மாற்றப்பட்டது' என்று ஒரே வரி! எந்தத் தேதியில் ரீடிங் எவ்வளவு மாறியது, அரித்த முனையின் போட்டோ, புது சென்சாரில் வந்த அளவு என மூன்றும் நோட்டில் இருந்தால் ரிப்போர்ட்டில் பாதி அத்தியாயம் தயார். வைவா கேள்விக்குப் பதிலும் தயார்.

கோடுக்கும் இதே கதைதான். 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'ஒரிஜினல் ஃபைனல்' என்று ஃபோல்டர்களைச் சேர்ப்பதற்குப் பதில், 2005-ல் வெளியான 'கிட்' மென்பொருளைப் பழகிக்கொள்ளலாம். இலவசம்தான். எந்த மாற்றத்தை யார், எப்போது செய்தார்கள் என்பது அதில் பதிவாகிவிடும்.

பேடன்ட் ஐடியா இருக்கா?

புதுசாக ஏதாவது கண்டுபிடித்திருந்தால், எக்ஸ்போவில் காட்டுவதற்கும் பேப்பர் வெளியிடுவதற்கும் முன்பே விண்ணப்பித்துவிடுவதுதான் பாதுகாப்பு. முதலில் தற்காலிக விவரக்குறிப்பு தரலாம். 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்யணும். நோட்டில் தேதி இருக்கிறது என்பதற்காக மட்டும் உரிமை கிடைத்துவிடாது. ஆனால் நாலு பேர் டீமில் எந்த யோசனை யாருடையது என்ற பஞ்சாயத்து வந்தால், வாராவாரம் கைடு கையெழுத்துப் போட்ட அந்த நோட்டு பேசும். தமிழ்நாட்டு விண்ணப்பங்களைக் கவனிப்பது சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகம். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம்.