இரு ஊர்திகளுக்கு இடைப்பட்ட தொலைவு: சென்னைப் பெருநகரப் போக்குவரத்துத் திட்டமிடல் வரலாறு

முன்னுரை

சென்னையின் போக்குவரத்து வரலாறு பெரும்பாலும் ஊர்திகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் இருப்பூர்தி, 1895இல் தொடங்கிய மின்சார டிராம், 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்தொடர், 1995இல் வந்த பறக்கும் இரயில், 2015இல் வந்த மெட்ரோ என அவ்வரலாறு ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுகிறது. ஒரு வண்டியிலிருந்து இறங்கிய பயணி அடுத்த வண்டியை அடையும்வரை எங்கே, எவ்வாறு நடந்தான் என்ற வினா அவ்வடுக்கில் இடம்பெறுவதில்லை. சாலைப் பாதுகாப்பு பற்றிய ஆய்வு தொடங்கவேண்டிய இடம் அந்த இடைவெளியே என்பது இக்கட்டுரையின் கருதுகோள். பேருந்திலோ இரயிலிலோ செல்லும் எவரும் ஒவ்வொரு பயணத்திலும் குறைந்தது இருமுறை பாதசாரியாகின்றனர். சாலையைக் கடக்கும் நேரமே அவர்தம் பயணத்தில் இடர்மிகுந்த பகுதி.

தனித்தனியே வளர்ந்த தடங்கள்

1931ஆம் ஆண்டின் மீட்டர்பாதை மின்தொடர் நகரின் உருவத்தையே மாற்றியது. 1920களில் மாம்பலம் ஏரிப்படுகையைத் தூர்த்து உருவாக்கப்பட்ட தியாகராய நகர் இத்தடத்தின் அருகிலேயே எழுந்தது. பின்னாளில் அது வணிக மையமானபோது, இரயிலில் வந்திறங்கியோர் இரங்கநாதன் தெருவின் நெரிசலுக்குள் நேரே நுழைந்தனர். மாம்பலம் இரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் நடைமேம்பாலம் 2023இல்தான் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 570 மீட்டர் நீளமுடைய ஓர் இணைப்புக்கு நகரம் இத்தனை பத்தாண்டுகள் காத்திருந்தது. பணமின்மை இதற்குக் காரணமாக இருந்திருக்க இயலாது. இதே காலப்பகுதியில் நகரெங்கும் ஊர்திகளுக்கான மேம்பாலங்கள் எழுந்தன. அவற்றுள் முதலாவதான அண்ணா மேம்பாலம் 1973இலேயே திறக்கப்பட்டுவிட்டது.

டிராம் 1953இல் நின்றது. அதனைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுவோர் பலர்; அதை நடத்திய நிறுவனம் நொடித்துப்போனது என்பதை அவர்கள் விரைந்து கடந்துவிடுகின்றனர். அதன் பயணிகளைப் பேருந்துகள் ஏற்றுக்கொண்டன. 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. ஏறத்தாழ அதே காலத்தில் உருவான சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் நகரின் முதல் முழுமைத் திட்டத்தை வகுத்தது. நிலப்பயன்பாட்டையும் போக்குவரத்தையும் ஒருசேர நோக்கியது அத்திட்டத்தின் சிறப்பு. எனினும் பேருந்தை இயக்கும் அமைப்பும் நிலத்தைத் திட்டமிடும் அமைப்பும் தனித்தனியாகவே இருந்தன.

பறக்கும் இரயில் தரும் படிப்பினை

இப்பிரிவினையின் விளைவைப் பறக்கும் இரயில் தெளிவாகக் காட்டுகிறது. நிலம் கையகப்படுத்தும் செலவைக் குறைக்கும் பொருட்டு அதன் தடம் பெரிதும் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே அமைக்கப்பட்டது. பொறியியல் நோக்கிலும் நிதி நோக்கிலும் அது பொருத்தமான முடிவே. ஆனால் மக்கள் பேருந்துக்குப் பழகியிருந்த சாலைகள் வேறு, கால்வாய்க்கரை வேறு. 1995இல் சேப்பாக்கம் வரையிலும், 1997இல் மயிலாப்பூர் வரையிலும், 2007இல் வேளச்சேரி வரையிலும் தடம் நீண்டது. நிலையங்கள் பெரிய கட்டடங்களாக எழுந்தன. அவற்றின் வாயிலுக்கு வரும் இணைப்புப் பேருந்துகளும், ஒளியூட்டப்பட்ட நடைபாதைகளும் அந்த அளவுக்கு வளரவில்லை. இருட்டிய பின் பெண்கள் இந்நிலையங்களைப் பயன்படுத்தத் தயங்கினர் என்றால், அது இரயிலின் குறையன்று. நிலையத்துக்கும் தெருவுக்கும் இடையிலான குறை.

எவர் பொறுப்பு?

புறநகர் இரயில் ஒன்றிய அரசுக்கு உரியது; மாநகரப் பேருந்து மாநில அரசின் கழகத்துக்கு உரியது; மெட்ரோ இரு அரசுகளின் கூட்டு நிறுவனம். சாலைகளிலோ சில தேசிய நெடுஞ்சாலை, சில மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு, எஞ்சியவை மாநகராட்சிக்கு உரியவை. சமிக்ஞையை இயக்குவது காவல்துறை. பேருந்து நிறுத்தத்தை நோக்கிச் சாலையைக் கடக்கையில் அடிபட்டு இறந்தவர் பதிவேட்டில் பாதசாரி என்றே இடம்பெறுகிறார். அவர் பேருந்துப் பயணி என்பது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாத இறப்புக்கு எந்தத் துறையும் விடைகூற வேண்டியதில்லை.

ஊர்திகளைவிட மக்களின் நகர்வே முதன்மையானது என 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை அறிவித்தது. சென்னையில் நிகழும் பயணங்களுள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் முழுக்க நடந்தே முடிகின்றன என்பதை அதற்குப் பின்வந்த விரிவான போக்குவரத்து ஆய்வு காட்டிற்று. 2014இல் மாநகராட்சி ஏற்றுக்கொண்ட மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கை, தன் போக்குவரத்து நிதியில் 60 விழுக்காட்டை நடப்போருக்கும் மிதிவண்டியோருக்கும் ஒதுக்க முற்பட்டது. 2019இல் பாண்டி பஜாரில் உருவான நடைபாதை வளாகம் அதன் கண்கூடான விளைவு. எனினும் ஒரு கடைத்தெருவின் அழகு நகரெங்கும் பரவிவிட்டதாகக் கொள்வது மிகை.

துறைகளை ஒருங்கிணைக்கும் நோக்குடன் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வந்ததோ 2019இல். முதலமைச்சர் தலைமையிலான முதற்கூட்டம் 2022இல் நடைபெற்றது. பேருந்து, மெட்ரோ, புறநகர் இரயில் மூன்றுக்கும் ஒரே பயணச்சீட்டு வழங்கும் ‘சென்னை ஒன்று’ செயலி 2025இல் வந்தது. சீட்டு ஒன்றாவதற்கே சட்டத்திலிருந்து பதினைந்து ஆண்டுகள் ஆயின.

2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் இவ்வரலாற்றின் அண்மைய இயல். பெருநகர் வளர்ச்சிக் குழுமம் கட்டிய முனையம் ஒருபுறம், இருப்புப்பாதை மறுபுறம், இரண்டுக்கும் நடுவே விரைவு ஊர்திகள் ஓடும் ஜி.எஸ்.டி. சாலை. தென்மாவட்டப் பேருந்துகள் அங்கு வந்துசேர்ந்தபோது அருகில் இரயில் நிலையமும் இல்லை, சாலைக்கு மேலான நடைமேம்பாலமும் இல்லை. மூட்டைமுடிச்சுகளுடன் நள்ளிரவில் வந்திறங்கிய குடும்பங்கள் நகருக்குள் செல்ல மற்றொரு பேருந்தையோ ஆட்டோவையோ நம்பவேண்டியிருந்தது. முனையத்தைத் திறக்கும் நாளை முடிவு செய்த கோப்பும் நிலையத்தைக் கட்டும் கோப்பும் ஒரே மேசைக்கு வந்திருப்பின் இவ்வரிசை மாறியிருக்கும்.