ஹார்டியின் சமனிலி

கணிதத்தில், ஹார்டியின் சமனிலி என்பது அலகு வட்டத்தில் வரையறுக்கப்பட்ட பகுமுறைச் சார்பு ஒன்றின் ஃபூரியே கெழுக்களுக்கும் அச்சார்பின் சராசரி அளவுக்கும் உள்ள தொடர்பைத் தரும் ஒரு தேற்றம் ஆகும். ஆங்கிலேயக் கணிதவியலாளர்களான கா. ஹ. ஹார்டியும் ஜா. எ. லிட்டில்வுட்டும் 1927 இல் வெளியிட்ட ஆய்வுரையில் இது இடம்பெற்றது. எண்தொடர்கள் பற்றிய ஹார்டியின் மற்றொரு சமனிலியும் இதே பெயரால் அழைக்கப்படுகிறது; இரண்டும் வெவ்வேறானவை.

வரையறை

ச என்பது கலப்பெண் மாறி எனக் கொள்க. அலகு வட்டத்தின் உள்ளே பகுமுறைச் சார்பு ஒன்றை

சா(ச) = க₀ + க₁ச + க₂ச² + க₃ச³ + …

என்னும் அடுக்குத் தொடராக எழுதலாம். வட்டத்தின் மீது க₀, க₁, க₂, … என்பனவே இதன் ஃபூரியே கெழுக்கள். பொதுவான ஃபூரியே தொடரில் எதிர்ம அடுக்குகளும் வரும். இங்கு அவை இல்லை. வட்டத்தின் மீது |சா| என்பதன் சராசரியை அ எனக் குறிப்போம். அ முடிவுறு எண்ணாக இருப்பின்,

|க₀|/1 + |க₁|/2 + |க₂|/3 + |க₃|/4 + … ≤ பை × அ

இங்கு பை = 3.14159… இதைவிடச் சிறிய எண்ணை அவ்விடத்தில் இட இயலாது.

முக்கியத்துவம்

ஒவ்வொரு கெழுவின் மட்டும் அ-வை மிஞ்சாது என்பது எளிதில் கிடைக்கும் முடிவு. ஆனால் 1 + 1/2 + 1/3 + … என்னும் தொடர் விரிவதால், இதனைக் கொண்டு மட்டும் மேற்கண்ட கூட்டுத்தொகை முடிவுறும் எனக் கூற முடியாது.

எதிர்ம அடுக்குகள் இல்லாமை இன்றியமையாதது. 2 முதல் எல்லா முழு எண்கள் ந-க்கும், கொசைன்(நத) என்பதை ந-வின் இயல் மடக்கையால் வகுத்துக் கூட்டினால் கிடைப்பது தொகையிடத்தக்க ஒரு சார்பே. ஆயினும் அதன் கெழுக்களை முறையே ந-வால் வகுத்துக் கூட்டினால் வரும் தொடர் விரிகிறது.

நிறுவல் சுருக்கம்

1. பிரெடெரிக் ரீசு 1923 இல் காட்டிய காரணிப்படுத்தலின்படி, சா = ப × ம என எழுதலாம். ப, ம ஆகிய ஒவ்வொன்றின் மட்டு வர்க்கத்தின் சராசரியும் அ-வே ஆகும்.
2. பார்செவல் தேற்றப்படி, ப-வின் கெழுக்களது மட்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை அ. ம-வுக்கும் அவ்வாறே.
3. சா-வின் கெழு ஒவ்வொன்றும் ப, ம ஆகியவற்றின் கெழுக்களின் பெருக்கங்களது கூட்டல். எனவே இடப்பக்கம் |பᵢ||மⱼ|/(ᵢ+ⱼ+1) என்னும் வடிவிலான இரட்டைத் தொடரை மிஞ்சாது. இங்கு ᵢ, ⱼ என்பன 0, 1, 2, … என்னும் மதிப்புகளை ஏற்கும்.
4. இல்பெர்ட்டின் சமனிலிப்படி அவ்விரட்டைத் தொடர் பை × அ-வை மிஞ்சாது. இதில் பை என்னும் சரியான மாறிலியை இசாய் சூர் 1911 இல் கண்டறிந்தார்.

எடுத்துக்காட்டு

1 + ச + ச² + … + ச⁹⁹ என்னும் பல்லுறுப்புக்கோவையில் 100 கெழுக்களும் 1. இடப்பக்கம் 1 + 1/2 + … + 1/100, அதாவது ஏறத்தாழ 5.187. ஆகவே இதன் மட்டின் சராசரி 1.65-க்குக் குறையாது. உறுப்புகளின் எண்ணிக்கை கூடக்கூட இக்கீழ்வரம்பு மடக்கை அளவில் வளரும்.

அடுக்குகள் அடுத்தடுத்து அமையாமல் இடைவெளி விட்டு அமைந்தாலும் இவ்வளர்ச்சி இருக்குமா என்பதே லிட்டில்வுட் ஊகம். 1981 இல் கொன்யாகின் ஒருபுறமும், மெக்கீ, பிக்னோ, சுமித் ஆகிய மூவர் மறுபுறமும் இதனை நிறுவினர். மூவரின் நிறுவல், ஹார்டியின் சமனிலியையே பொதுமைப்படுத்தியது.

தொடர்புடைய சமனிலிகள்

* போர் சமனிலி (1914): வட்டத்தினுள் |சா| ≤ 1 எனில், ஆரம் 1/3 வரை |க₀| + |க₁|ஆ + |க₂|ஆ² + … ≤ 1 (ஆ என்பது ஆரம்).
* பேலி சமனிலி (1933): க₁, க₂, க₄, க₈, … ஆகியவற்றின் மட்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை, அ² என்பதன் ஒரு நிலையான மடங்கை மிஞ்சாது.

தமிழ்நாட்டுத் தொடர்பு

1914 இல் இராமானுசன் கேம்பிரிட்ஜ் சென்றது ஹார்டியின் முயற்சியால் என்பது பலரும் அறிந்தது. அங்கு ஹார்டியிடம் பயின்ற கா. ஆனந்தராவ், பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து தொடர்களின் ஒருங்கல் குறித்து ஆய்ந்தார். அவருடைய மாணவர் தி. விஜயராகவன் 1920களில் ஆக்சுபோர்டில் ஹார்டியுடன் பணியாற்றினார்.

இவற்றையும் பார்க்க

* ஃபூரியே தொடர்
* அடுக்குத் தொடர்
* சீனிவாச இராமானுசன்