மவுண்ட் ரோட்டில் நின்ற நீல் துரை

சோமனூரில் காடா துணி ஏற்றிவிட்டு வசூலுக்குச் சென்னை போகிற நம்மூர்க்காரர்கள் பலரும் அண்ணா சாலையில் ஸ்பென்சர் பிளாசாவைக் கடந்திருப்பார்கள். அது மவுண்ட் ரோடாக இருந்த காலத்தில், அந்தப் பக்கம் வெண்கலத்தில் ஒரு வெள்ளைக்காரர் நின்றார். பெயர் ஜேம்ஸ் நீல், 1857 கிளர்ச்சியை அடக்கப் போன பிரிட்டிஷ் படை அதிகாரி.

போன வாரம் அவரை 1857 ஜூலையில், கான்பூரில் பீபிகர் என்ற வீட்டின் வாசலில் விட்டுவிட்டு வந்தோம். வெள்ளைக்காரப் பெண்களும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 200 பேர் அங்கே வெட்டிக் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்தக் கொடுமையை யாராலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அதற்குத்தான் நீல் பழிவாங்கினார் என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஜூன் மாதமே அலகாபாத் சுற்றுவட்டாரத்தில் அவருடைய ஆட்கள் ஊர் ஊராகக் கொளுத்தி, அகப்பட்டவர்களைத் தூக்கில் போட்டிருந்தார்கள்.

கான்பூரில் நீல் போட்ட உத்தரவு இது: தூக்குத் தண்டனை பெற்றவன் முதலில் அந்த வீட்டுத் தரையில் உறைந்த ரத்தத்தில் ஒரு பகுதியைத் துடைக்க வேண்டும். மறுத்தால் சவுக்கடி. பிறகுதான் தூக்கு. சாகப்போகிறவனின் சாதியையும் சமயத்தையும் பறித்துவிட்டே உயிரைப் பறிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்த வேலை. இத்தனைக்கும் கடவுள் தன் பக்கம் நிற்கிறார் என்று அவர் மனதார நம்பினார். என்னை உலுக்குவது அந்த நம்பிக்கைதான்.

செப்டம்பர் 25 அன்று லக்னோ தெருச்சண்டையில் குண்டு பட்டு இறந்தார். நாட்டுக்கும் கிறிஸ்துவுக்கும் உழைத்த வீரர் என்று இங்கிலாந்து அவரைக் கொண்டாடியது. ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் ஒரு சிலை. அவர் நடத்தியது மெட்ராஸ் பியூசிலியர்ஸ் படை என்பதால் நம் சென்னையிலும் ஒன்று.

அவர் இறந்து எழுபது ஆண்டுகள் கழித்து, 1927 ஆகஸ்டில், விடுதலைப் போராட்டத் தொண்டர்கள் கோடாரியும் சுத்தியலுமாக அந்தச் சிலை மேல் பாய்ந்தார்கள். கைதுக்கு மேல் கைது. கடலூர் அஞ்சலை அம்மாள் மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு போராடிச் சிறை சென்றார்.

இதை மதக் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜி.யு.போப்பும் கால்டுவெல்லும் பிரிட்டிஷ் பாதிரிமார்கள்தான். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது இதே சென்னை அவர்களுக்குக் கடற்கரையில் சிலை வைத்தது. தமிழுக்கு உழைத்தவர்களைத் தமிழன் தன்னவராகவே எடுத்துக்கொண்டான். நீலுக்கு அந்த இடம் கிடைக்காமல் போனது அவர் செய்த வினையால்.

1927 செப்டம்பரில் காந்தி சென்னைக்கு வந்தார். சிலையை உடைத்தே தீருவோம் என்று நின்ற இளைஞர்களிடம் அவர் என்ன சொன்னார்?

சிலை இறங்க இன்னும் 10 ஆண்டுகள் இருந்தன. அதை இறக்கப்போகும் மனிதர் அப்போது நம் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் கதர் வேலை நடத்திக்கொண்டிருந்தார். அவர் யாரென்று யூகித்து வையுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.