பத்தாண்டுக் கெடு



ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் சட்டமன்றத்துக்குப் போகக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தால் பாதி நோய் தீர்ந்துவிடும் என்று மாணவர்கள் நம்மிடம் சொல்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு நம் நாட்டில் அப்படி ஒரு வரம்பு கிடையாது. கலைஞர் மு. கருணாநிதி 1957 முதல் 2016 வரை 13 தேர்தல்களில் வென்று சட்டமன்றத்தில் இருந்தார். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1990-இல் கீழவைக்கு மூன்று முறை, மேலவைக்கு இரண்டு முறை என்று வரம்பு கட்டியது. பழைய முகங்கள் போயின. ஆனால் வேலை பழகுவதற்குள் வெளியேற வேண்டியிருந்த புதியவர்களை அதிகாரிகளும் கம்பெனித் தரகர்களும் எளிதாக வளைத்தார்கள் என்ற குறை எழுந்தது. 2012-இல் அம்மாநில மக்களே வாக்களித்து விதியை மாற்றினார்கள்.

நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்திய வரலாற்றில் பிரதிநிதித்துவத்துக்குக் காலக்கெடு வைக்கப்பட்டதே இல்லையா? வைக்கப்பட்டது. யாருக்கு வைத்தார்கள் என்று பார்ப்போம்.

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி இருக்கிறது. ராஜாஜி 1878-இல் அங்கேதான் பிறந்தார். 1932 செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவர் ஒருவர். அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா ஆகியோரின் கையெழுத்தும் அதில் இருக்கிறது. மாகாண சட்டசபைகளில் 148 இடங்கள், அவற்றில் சென்னை மாகாணத்துக்கு 30 என்ற எண்ணிக்கைதான் பாடநூலில் வரும். அதைவிட முக்கியமான ஒரு விதி அதில் இருந்தது. ஒதுக்கீட்டுத் தொகுதியில் முதலில் தலித் வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நான்கு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு அந்த நால்வரில் ஒருவரைத் தொகுதியின் எல்லா வாக்காளர்களும் தேர்ந்தெடுப்பார்கள். தனி வாக்காளர் தொகுதியை இழந்ததற்கு ஈடாகக் கிடைத்த சிறு கைப்பிடி அது. அந்தக் கைப்பிடிக்கும் பத்தாண்டுதான் ஆயுள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள்.

அது சும்மா எழுதி வைத்த விதி இல்லை. 1945-46 தேர்தலில் முதல்நிலை வாக்கெடுப்பு நடந்த பல இடங்களில் ஷெட்யூல்டு வகுப்பினர் கூட்டமைப்பின் வேட்பாளர்கள் முந்தினார்கள். இறுதி வாக்கெடுப்பில் தோற்றார்கள். சேரி ஒருவரைச் சொன்னது, ஊர் வேறொருவரை அனுப்பியது. இந்தக் கணக்கைக் காட்டித்தான் அம்பேத்கர் பிரிட்டிஷ் தூதுக்குழுவிடம் வாதாடினார்.

அரசியல் சட்டம் வந்தபோது முதல்நிலை வாக்கெடுப்பே இல்லாமல் போனது. தொகுதி ஒதுக்கீட்டுக்கு மட்டும் 334-ஆம் பிரிவு பத்தாண்டுக் கெடு வைத்தது. ஒவ்வொரு பத்தாண்டும் திருத்தம் போட்டு நீட்டி வருகிறார்கள்; கடைசியாக 104-ஆம் திருத்தம் அதை 2030 ஜனவரி வரை கொண்டு வந்திருக்கிறது. பொதுத் தொகுதியில் ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக நிற்கலாம், அங்கே கெடு இல்லை. நம் இடத்துக்குக் கெடு உண்டு. ஆனால் அந்த இடத்தில் உட்காருபவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற விதி இல்லை. அதனால்தான் 1955-இல் கூட்டமைப்பின் செயற்குழு ஒதுக்கீட்டுத் தொகுதிகளே வேண்டாம் என்று தீர்மானம் போடும் நிலைக்கு வந்தது.

இடையில் ஒரு ஏற்பாடு இருந்தது, இன்றைய மாணவர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1952, 1957 தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஒரு பொது இடம், ஒரு ஒதுக்கீட்டு இடம். வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. 1957-இல் ஆந்திராவின் பார்வதிபுரத்தில் பழங்குடி வேட்பாளர்கள் இரண்டு இடத்தையும் பிடித்தார்கள். பொது இடத்தில் தோற்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி. அவர் வழக்குப் போட்டார். அதிக ஓட்டு வாங்கிய பழங்குடியினர் பொது இடத்துக்கும் உரியவரே என்று 1959-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1961-இல் இரட்டை உறுப்பினர் முறையே சட்டம் போட்டு ஒழிக்கப்பட்டது. நிர்வாக வசதிக்காக என்றார்கள். நாம் அதை அவ்வளவு எளிதாக நம்ப மாட்டோம்.

இனி ஊராட்சிக்கு வருவோம். தமிழ்நாட்டில் தலைவர் பதவிக்கான ஒதுக்கீடு பத்தாண்டுக்கு ஒருமுறை சுழல்கிறது. பெயர் சுழற்சி, நடைமுறையில் அது தலித் தலைவருக்கு மட்டும் விழும் பதவிக்கால வரம்பு. சுழற்சி முடிந்தாலும் அவர் பொது இடத்தில் நிற்கலாம், சட்டம் தடுக்கவில்லை, ஊர் விடாது. எதிர்ப்பாளர்களும் இதைத் தெரிந்துதான் காத்திருந்தார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலை முடக்கினார்கள், ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே தலித் தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். மேலவளவில் காத்திருக்கக்கூட மனமில்லை: 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள்.

ரத்தம் சிந்தாத வழியும் உண்டு. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத்தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு இல்லை, வார்டு உறுப்பினர்களே அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆதிக்கச் சாதிக்காரர் அங்கே உட்கார்ந்து பேனாவைத் திறக்க மறுத்தால் போதும். குழாய் பதிப்பது, தெருவிளக்கு, தூய்மைப் பணியாளர் சம்பளம் எல்லாம் நிற்கும். பிறகு ‘தலைவருக்கு நிர்வாகம் தெரியவில்லை’ என்று ஆட்சியரிடம் மனு போகும். நீக்கும் அதிகாரம் ஆட்சியரிடம்தான் இருக்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் கணக்கு வேறு. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டினால் ஆனேக்கல் சட்டமன்றத் தொகுதி, அது தனித்தொகுதி. இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஆறு தொகுதிகளில் ஊத்தங்கரை மட்டும்தான் தனி. தொழிற்பேட்டை இருக்கும் ஓசூர் பொது. கர்நாடகத்தில் கிராமப் பஞ்சாயத்துத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள், பதவிக்காலமும் 30 மாதம்தான். அந்த முறையைவிட நம் நேரடித் தேர்தல் மேலானது என்றே நினைக்கிறோம். ஆனால் நம் பக்கத்திலும் நேரடித் தேர்தல் குறைந்துகொண்டே வருகிறது. மூக்கண்டப்பள்ளி, ஜூஜுவாடி போன்ற ஊராட்சிகள் ஓசூர் நகரத்தோடு சேர்க்கப்பட்டபோது அந்தத் தலைவர் பதவிகளும் மறைந்தன. 2022-இல் மாநகராட்சிக்கு நடந்த முதல் தேர்தலில் மக்கள் 45 வார்டு உறுப்பினர்களை மட்டுமே தேர்ந்தெடுத்தார்கள், மேயரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆகவே வரம்பு கேட்கும் மாணவர்களிடம் நாம் வேறு கோரிக்கைகளை வைக்கிறோம். தனித்தொகுதி வேட்பாளரைக் கட்சித் தலைமை மட்டும் முடிவு செய்யாமல், 1932-இல் இருந்தது போன்ற முதல்நிலை வாக்கெடுப்பைக் கட்சிகளுக்குள்ளாவது கொண்டுவர வேண்டும். துணைத்தலைவரின் கையெழுத்துக்கு மாற்று வழி வேண்டும். மறுத்தால் காரணத்தைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். உறுப்பினரைத் திரும்ப அழைக்கும் உரிமை பற்றி நம்மில் சிலர் ஆசையோடு பேசுகிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் நகராட்சித் தலைவர்களுக்கு அது இருக்கிறது. ஆனால் சாதிப் பெரும்பான்மை உள்ள ஊராட்சியில் அந்த ஆயுதம் முதலில் யார் மீது பாயும் என்று யோசித்துவிட்டுப் பேச வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தேர்தல் நேரத்துக்கு நடக்க வேண்டும். 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய ஊராட்சித் தேர்தல் கிருஷ்ணகிரியில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. அந்தத் தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். ஒதுக்கீட்டுச் சுழற்சியின் பத்தாண்டுக்குள் இப்படி எத்தனை ஆண்டு அதிகாரிகள் கையில் கரைந்தது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. தளி, கெலமங்கலம், சூளகிரி ஒன்றியங்களில் ஊர் ஊராக அந்தக் கணக்கை மாணவர்கள் எடுக்கலாம். 2004-க்கு முன்பு இந்தப் பகுதி தர்மபுரி மாவட்டத்தில் இருந்ததால், 1996, 2001 ஒதுக்கீட்டு அறிவிப்புகளை அந்த மாவட்ட அரசிதழில் தேட வேண்டும்.